எந்த ஊர் தாண்டினால் மழை நல்லது

நல்லது எது, கெட்டது எது என்று மரக்காணம் உப்பளத்தில் யாருக்குச் சந்தேகம் வந்தாலும் நேராக என்னிடம்தான் வருவார்கள். நானும் உட்கார வைத்து, டீ வாங்கிக் கொடுத்து, தெளிய வைத்துத்தான் அனுப்புவேன்.

பொய். இதுவரை ஒருத்தரும் வந்ததில்லை. என்னிடம் வந்து கேட்டவர்கள் இரண்டே வகை. தீப்பெட்டி இருக்கிறதா என்று கேட்டவர்கள், பாண்டி பஸ் போய்விட்டதா என்று கேட்டவர்கள். இரண்டாவது கேள்விக்கு நான் சொன்ன பதிலை நம்பி வெயிலில் நின்றவர்கள் இன்னும் என்னைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். டீ வாங்கிக் கொடுத்ததாகச் சொன்னதை என் பெண்டாட்டி படித்தால் அவளே சிரித்துவிடுவாள்.

பள்ளிக்கூடத்துக்கு மூன்றாம் வகுப்பு வரை போயிருக்கிறேன். படித்தேன் என்று சொல்லவில்லை, போயிருக்கிறேன். எழுத்துக்கூட்டக் கற்றுக்கொண்டதெல்லாம் பின்னால், வடை மடித்துக் கொடுத்த பேப்பரில். அதனால் எனக்குப் பாதிச் செய்திதான் எப்போதும் தெரியும். மீதி எண்ணெயில் போயிருக்கும்.

ஆனாலும் நல்லது கெட்டது விஷயத்தில் மட்டும் எனக்குள் ஒரு திமிர் இருந்தது. உப்பு வாருகிறவனுக்கு அந்தப் பாடம் ரொம்பச் சின்னது. வெயில் நல்லது. காற்று நல்லது. மேகம் கெட்டது. மழை எல்லாவற்றையும்விடக் கெட்டது. காலையில் வெளியே வந்து, மண்டையைப் பிளக்கிற வெயிலைப் பார்த்து, "வானம் நல்லா இருக்குது" என்று சந்தோஷப்படுகிற ஆட்கள் நாங்கள். பாத்தியில் உப்புத்தண்ணீரைக் கட்டிக் காயவிட்டு, உப்பு விளைந்ததும் பலகையால் வாரி வரப்பில் குவிப்போம். அந்த நேரத்தில் ஒரு மழை பிடித்தால் குவித்ததெல்லாம் கரைந்து, வந்த வழியே பாத்திக்குத் திரும்பிப் போய்விடும். பத்து நாள் குனிந்த முதுகு வலி மட்டும் கரையாமல் நம்மிடமே இருக்கும்.

ஒரு தடவை குயிலாப்பாளையத்தில் ஒரு கடை வாசலில் நின்றிருந்தேன். திடீரென்று மழை. ஒரு வெள்ளைக்காரம்மா செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, நடுரோட்டில் முகத்தை மேலே தூக்கி நின்று சிரித்தார். பாவம், வீட்டில் ஏதோ பெரிய பிரச்சினை என்று நினைத்தேன். மழையைப் பார்த்துச் சிரிக்க வேறு காரணம் இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

இப்படிப்பட்டவனுடைய மகளுக்கு வரன் அமைந்தது மேற்கே, திண்டிவனம் தாண்டி உள்ளே தள்ளி, ஏரித் தண்ணீரை நம்பி நெல்லும் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் போடுகிற ஒரு ஊரில். அமைந்தது என்று நாங்கள்தான் சொல்லிக்கொண்டோம். அமைத்துக்கொண்டது அவர்கள் இரண்டு பேரும். என் மகள் திண்டிவனத்தில் ரத்தம் டெஸ்ட் பண்ணுகிற லேபில் வேலை பார்த்தாள். அந்தப் பையன் எதிரே டிராக்டர் ஷோரூமில். நல்ல உடம்பை வைத்துக்கொண்டு ஒருத்தன் மாதத்துக்கு மூன்று தடவை சர்க்கரை டெஸ்ட் எடுத்தான் என்றால் விஷயம் புரியாதா என்ன.

பையனுக்கு அப்பா இல்லை. அம்மா இருந்தார். ஆனால் அந்த வீட்டில் எதுவானாலும் பெரியப்பா தலையசைக்க வேண்டும். நிச்சயதார்த்தத்துக்கு இரண்டு நாள் முன்னால் என் மகள் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"அப்பா, அவரு பெரியப்பா வார்த்தைக்கு ரொம்ப பயப்படுவாரு. தட்டு மாத்துற நேரத்துல கெட்ட சொல்லு ஒண்ணு விழுந்தா எழுந்து போயிடுவாராம். அவங்க சொந்தத்துல ஒரு கல்யாணமே அப்படி நின்னிருக்குது. அன்னிக்கு மட்டும் நீ ஜோக்கடிக்காம இருப்பா."

"எத்தினி மணியிலேர்ந்து எத்தினி மணி வரைக்கும்?"

"பாத்தியா, பாத்தியா! இதத்தான் சொல்றேன்."

அவள் சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்கு இவருதான்பா வேணும். கெடுத்துடாத" என்றாள். இந்தப் பெண் பொம்மைக்குக்கூட என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. வாயே திறக்க மாட்டேன் என்று சத்தியம் செய்தேன். உண்மையாகவே செய்தேன். மேலே சொன்ன டீ மாதிரி இல்லை.

சித்திரை மாதம், நல்ல முகூர்த்த நாள். ஒரு பந்தல்காரரும் கிடைக்கவில்லை. அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. அது எப்போதாவதுதான் வேலை செய்யும், செய்கிற அன்று ஊரே கவனமாக இருக்க வேண்டும். உப்புக் குவியலை மூடுகிற தார்ப்பாய் இருக்கிறதே! என்னுடையது ஒன்று, பக்கத்துப் பாத்திக்காரர்களுடையது ஐந்து. ஆறையும் சேர்த்துக் கட்டினால் கலெக்டரையே உட்கார வைக்கலாம்.

"டேய், வானத்த பாருங்கடா. ஒரு பொட்டு மேகம் இருக்குதா? இன்னிக்கு நான் கேரண்டி" என்றேன்.

"உன் கேரண்டிய நம்பி எங்க உப்ப தொறந்து போடணுமா?" என்றான் பக்கத்துப் பாத்திக்காரன்.

"போன்லயே சூரியன் படம் போட்டிருக்குதுடா."

"அந்த போனு போன வருஷம் உன்ன கடலுக்குள்ள லெப்ட்ல திரும்பச் சொன்ன போனுதானே?"

கடைசியில், "பொண்ணு நிச்சயம்டா" என்றேன். அவனவன் போய் அவனவன் குவியலைத் திறந்து தார்ப்பாயைக் கொண்டுவந்து கொடுத்தான். வீட்டு வாசலில் நீலமும் கறுப்புமாகப் பந்தல் எழுந்தது. காற்று அடித்தபோதெல்லாம் தார்ப்பாயில் ஒட்டியிருந்த உப்பு உதிர்ந்து, வந்தவர்கள் தலையில் விழுந்தது. அட்சதைச் செலவு மிச்சம்.

நாலு மணிக்கு வேனில் வந்து இறங்கினார்கள். பெரியப்பா நெட்டையான மனிதர், வெள்ளை மீசை, ஒவ்வொரு வார்த்தையையும் எடைபோட்டு இறக்கி வைக்கிற பேச்சு. வந்ததும் மேலே பார்த்தார்.

"இன்னா இப்பிடி காயுது. ஏர் கட்ட ஒரு மழை பேஞ்சா தேவல."

எங்கள் ஆட்கள் ஐந்து பேரும் காபி டம்ளரை வாயில் வைத்தபடி அப்படியே நின்றுவிட்டார்கள். பக்கத்துப் பாத்திக்காரன் என்னை ஒரு பார்வை பார்த்தான். நான் சத்தியத்தை நினைத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டேன்.

மற்றதெல்லாம் நன்றாகத்தான் போனது. அனுமந்தையிலிருந்து என் கூட்டாளி வந்திருந்தான். கடலில் மீன் பிடிக்கிறவன். ஞாயிற்றுக்கிழமை பூசையைத் தவறவிட மாட்டான், யார் வீட்டுப் பந்தியையும் தவறவிட மாட்டான். கேசரி எப்போது என்று இரண்டு தடவை கேட்டுவிட்டான்.

தட்டு மாற்றும் நேரம் வந்தது. வெற்றிலை, பாக்கு, மஞ்சள், தேங்காய், பூ எல்லாம் வைத்த தட்டை நான் ஏந்திக்கொண்டு நின்றேன். எதிரே பெரியப்பா இரண்டு கையையும் நீட்டினார். "எல்லாரும் நல்ல வார்த்தையா சொல்லுங்க" என்றார். என் மகள் பட்டுப்புடவையில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். ஓரக்கண்ணால் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பந்தலுக்கு ஒரு குறை உண்டு. உள்ளே இருந்தால் வானம் தெரியாது. மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது எங்களில் ஒருத்தனுக்கும் தெரியவில்லை. தார்ப்பாய் மேல் ஒரு சொட்டு பட்டென்று விழுந்தது. பிறகு நாலு. பிறகு இடி.

"போச்சு! எல்லாம் நாசமா போச்சு!"

யாரடா அது இப்படிக் கத்துகிறான் என்று திரும்பிப் பார்க்கப் போனேன். நான்தான்.

அடுத்து நடந்ததற்கு நான் பொறுப்பில்லை, என் கால்தான் பொறுப்பு. அது ஓடியது. என் பின்னால் எங்கள் ஆட்கள் ஐந்து பேரும், அவர்களுக்குப் பின்னால் அவர்கள் வீட்டுப் பெண்களும். ஒரே நிமிடத்தில் பெண் வீட்டார் பக்கம் காலி. என் பெண்டாட்டி, என் மகள், அனுமந்தைக்காரன் மட்டும் மிச்சம். அவன் ஓடாததற்குக் காரணம் அப்போதுதான் கேசரி வந்திருந்தது.

அளத்துக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் கவனித்தேன், தட்டு இன்னும் என் கையிலேயே இருந்தது. தேங்காய்கூட உருளவில்லை. அவ்வளவு பத்திரமாக ஓடியிருக்கிறேன். அதைக் குவியலின் உச்சியில் வைத்துவிட்டு, தார்ப்பாயை இழுத்து மூடலாம் என்று குனிந்தேன்.

தார்ப்பாய் எங்கே?

ஆறு பேரும் ஒரே நேரத்தில் திரும்பி என் வீட்டைப் பார்த்தோம். தூரத்தில் எங்கள் தார்ப்பாய்கள் ஆறும் சம்மந்தி வீட்டார் தலைக்கு மேல் ஜோராக விரிந்து, சொட்டு விடாமல் அவர்களைக் காத்துக்கொண்டிருந்தன.

"கேரண்டிடா உனக்கு" என்றான் பக்கத்துப் பாத்திக்காரன். வேறு சில சொற்களும் சொன்னான். அவற்றை எழுத எனக்கு எழுத்துக்கூட்டத் தெரியவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

திரும்ப ஓடினோம். அங்கே மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் பந்தல் ஓரமாக நின்று கையை வெளியே நீட்டி மழையைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். "மவராசி, மழைய கூட்டிக்கினு வர்றா பாரு" என்று என் மகளுக்குத் திருஷ்டி கழிக்காத குறை. பெரியப்பா மட்டும் அதே நாற்காலியில், தட்டு வாங்க நீட்டிய கையை முழங்காலில் வைத்துக்கொண்டு, ஒரு பக்கமாகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"கொஞ்சம் எழுந்துக்கறீங்களா, பந்தல பிரிக்கணும்" என்றேன்.

நிச்சயதார்த்தம் முடிவதற்குள் மாப்பிள்ளை வீட்டாரின் தலைக்கு மேல் இருந்த பந்தலை, மழையில், அவிழ்த்த முதல் மாமனார் நான்தான். இது பொய்யில்லை. கயிற்றை நான் ஒரு பக்கம் அவிழ்த்தேன். தார்ப்பாய் நடுவில் குளம் மாதிரி தேங்கியிருந்த தண்ணீர் மறுபக்கம் போக வழி பார்த்தது. அந்த வழியில் பெரியப்பா உட்கார்ந்திருந்தார்.

மாப்பிள்ளை எழுந்தான். புதுச் சட்டையின் கையை மடித்துக்கொண்டு மூங்கில் மேல் ஏறினான். என் மகள் பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மறு கயிற்றை அவிழ்த்தாள். நாலு தார்ப்பாயை எங்கள் ஆட்கள் தூக்கிக்கொண்டு ஓட, ஒன்றை நானும், கடைசியை மாப்பிள்ளையும் என் மகளும் ஆளுக்கொரு முனையாகப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தோம். பின்னால் யாரோ, "தாலி கட்டறதுக்கு முன்னாடியே இழுத்துக்கினு ஓடுறான்டா" என்று சிரித்தது கேட்டது.

கோடை மழை. மூடி முடித்த அடுத்த நிமிடம் நின்றுவிட்டது. ஐந்து குவியல் தப்பியது. என்னுடையதை எல்லாருக்கும் கடைசியாக மூடினேன், அதனால் கால்வாசி போய்விட்டது. அதில் எனக்கு வருத்தமில்லை. அடுத்தவன் குவியல் போயிருந்தால் என் தலையில் கால்வாசி போயிருக்கும்.

வீட்டுக்கு வந்தோம். வாசலில் பந்தல் இல்லாமல் மூங்கில்கள் மட்டும் நின்றன. உள்ளே மாப்பிள்ளை வீட்டார் என் பெண்டாட்டி கொடுத்த துண்டுகளில் தலை துவட்டிக்கொண்டிருந்தார்கள். பெரியப்பா துண்டைத் தொடவில்லை. மீசையிலிருந்து சொட்டியது.

"கை நீட்டின நேரத்துல நாசம்னு ஒரு சொல்லு விழுந்துடுச்சு. இதுக்கு மேல நான் தட்டு வாங்க மாட்டேன்" என்றார்.

என் மகள் முகத்தைப் பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம். நனைந்த புடவையோடு சுவரில் சாய்ந்து, தன் கால் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் கல்யாணத்த சொல்லலீங்க, மழைய சொன்னேன்" என்றேன்.

"அதான் இன்னும் தப்பு. மழை வந்தா சாமி வந்த மாதிரி. அத நாசம்னு சொல்ற வாயி எப்படி நல்ல வாயா இருக்கும்?"

"எங்களுக்கு வெயிலுதாங்க சாமி."

"நல்லதுன்னா எல்லாருக்கும் நல்லதா இருக்கணும்பா. உனக்கு ஒண்ணு எனக்கு ஒண்ணுன்னு இருந்தா அதுக்கு பேரு நல்லதா? மழை எங்க தாத்தா காலத்துலயும் நல்லது, இப்பவும் நல்லது, நாளைக்கும் நல்லது. அது மாறாது."

மூலையிலிருந்து அனுமந்தைக்காரன் வாயைத் துடைத்துக்கொண்டு, "எனக்கு மழையும் வேணாம் வெயிலும் வேணாம், காத்துதான் முக்கியம். காத்து சரியில்லன்னா வலை..." என்று ஆரம்பித்தான்.

"நீ கேசரிய சாப்புடு" என்றாள் என் பெண்டாட்டி.

அப்போதுதான் மாப்பிள்ளையின் அம்மா வாயைத் திறந்தார். அதுவரை அவர் குரலே நாங்கள் கேட்டதில்லை.

"ஏன் மாமா, தை மாசம் ரோட்டுல நெல்லு காய போட்டிருந்தப்போ மழை வந்துச்சே. அப்போ நீங்க இன்னா சொன்னீங்க?"

பெரியப்பா மீசையைத் துடைத்தார்.

"நாசம்னு சொல்லல, வாஸ்தவம். அத விட பெரிய வார்த்த சொன்னீங்க. வானத்த பாத்து கைய நீட்டி, அதோட அம்மாவையும் சேத்து சொன்னீங்க. நானும் ஊரு சனமும் கேட்டோம்."

"அது வேற" என்றார் அவர். "அது நெல்லு."

"இது உப்பு" என்றேன் நான்.

எனக்குள் ஏதோ ஒன்று ஓடியது. பசியாக இருக்கும் என்று முதலில் நினைத்தேன், யோசனையாம். மழை ஒன்றுதான். மேலே இருக்கும்போது அதில் நல்லதும் இல்லை கெட்டதும் இல்லை. ஐப்பசியில் அவர் வயலில் விழுந்தால் சாமி. தையில் அதே ஆள் முன்னால், அவர் நெல்லில் விழுந்தால் அம்மாவைச் சேர்த்துத் திட்டு. அப்படியென்றால் எல்லாம் நம் மனசுதானா? அதுவும் சரியாக வரவில்லை. மனசுதான் என்றால் நான் ஓடியே இருக்க வேண்டாமே. உட்கார்ந்து மனசை மாற்றிக்கொண்டு மழையை ரசித்திருக்கலாம். நான் மாற்றிக்கொண்டதற்காக உப்பு கரையாமல் நின்றிருக்குமா? உப்புக்கு அது கெட்டதுதான், நான் தூங்கினாலும் கெட்டதுதான். ஆக, நல்லது என்பது மாறவும் செய்கிறது, நம் பேச்சைக் கேட்டு மாறவும் மாட்டேன் என்கிறது. இந்த இடத்தில் என் மூளை நின்றுவிட்டது. மூன்றாம் வகுப்பு வண்டி அவ்வளவுதான் போகும்.

பெரியப்பா இறங்கி வந்தார், ஆனால் முழுசாக இல்லை. "சரி. விழுந்த சொல்ல எடுக்க முடியாது. அதுக்கு மேல ஒரு நல்ல சொல்ல வெக்கலாம். உங்க வாயால, எல்லாரும் கேக்க, மழை நல்லதுன்னு ஒரு தடவ சொல்லிடுங்க. தட்டு வாங்கிக்கறேன்."

மூன்று சொல்கூட இல்லை, இரண்டு. என் பெண்டாட்டிக்கு உயிர் வந்தது. ஆனால் வாசலில் எங்கள் ஆட்கள் ஐந்து பேர், உப்புச்சேறு அப்பிய வேட்டியோடு நின்றுகொண்டிருந்தார்கள். அவர்கள் முகம் மாறியது. ஏனென்றால் எங்கள் அளத்தில் ஒரு வழக்கம். உப்பு வாருகிற மாதங்களில் மழையை எப்படி வேண்டுமானாலும் திட்டலாம். புகழக் கூடாது. ஒருத்தன் நல்லது என்று கூப்பிட்டால் அது அவன் பாத்திக்கு மட்டும் வராது, எல்லார் பாத்திக்கும் வந்துவிடும் என்று ஒரு பயம். ஒரு வருடம் விளையாட்டுக்கு மழைப் பாட்டு ஒன்றை முணுமுணுத்தவனிடம் மூன்று நாள் யாரும் பேசவில்லை. அவன் யார் என்று கேட்காதீர்கள். எனக்குப் பாட்டு நன்றாக வரும்.

இந்த ஐந்து பேர் என்னை நம்பி உப்பைத் திறந்து போட்டவர்கள். அந்தப் பக்கம் என் மகள் இப்போது காலைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்.

"டேய்," என்றேன் வாசல் பக்கம் திரும்பி, "எல்லாரும் காத மூடிக்குங்கடா."

ஐந்து பேரும் மூடிக்கொண்டார்கள். உப்புக் கையால் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு ஐந்து ஆம்பிளைகள் வரிசையாக நின்றதைப் பார்த்து மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள்.

"மழை நல்லது," என்றேன், "உங்க ஊர்ல."

"உங்க ஊர்லன்னு வாலு எதுக்கு?"

"மழை நல்லது, ஐப்பசில."

"மாசத்த எடுங்க."

"மழை நல்லது, உப்ப மூடினதுக்கு அப்புறம்."

பக்கத்துப் பாத்திக்காரன் ஒரு காதைக் கொஞ்சம் திறந்து வைத்திருந்தான் போலிருக்கிறது. "அது சரி, அத சொல்லலாம்" என்றான்.

பெரியப்பா எழுந்துகொண்டார். வேன் டிரைவரைப் பார்த்தார். என் பெண்டாட்டி என் விலாவில் கிள்ளினாள், அந்த இடம் இன்னும் கறுப்பாக இருக்கிறது. அப்போதுதான் என் மகள் சுவரை விட்டு முன்னால் வந்தாள். வார்த்தை தெளிவாக வந்தது.

"பெரியப்பா, எங்கப்பாவால அத சொல்ல முடியாது. இவங்களோடதான் அவரு இங்க இருக்கணும். நான் சொல்றேன். நான் உங்க ஊருக்கு வந்து மழை வந்தா நல்லதுன்னு சொல்லுவேன், மனசார சொல்லுவேன். இங்க எங்கப்பா வீட்டுக்கு வந்தா வெயிலத்தான் நல்லதுன்னு சொல்லுவேன். ரெண்டுமே பொய் இல்ல."

அவர் நின்றார். அவளை மேலும் கீழும் பார்த்தார். நெற்றியில் குங்குமம் கரைந்து மூக்கு வரை வந்திருந்தது அவளுக்கு.

"அப்போ நடுவுல?" என்றார்.

"நடுவுலன்னா?"

"இங்கேர்ந்து எங்க ஊருக்கு பஸ்சுல வர்ற. வழியில மழை புடிக்குது. அப்போ அது நல்லதா கெட்டதா? எந்த ஊர் தாண்டினா நல்லதாவுது? திண்டிவனம் மேம்பாலத்துக்கு இந்தாண்ட கெட்டது, அந்தாண்ட நல்லதா?"

அவர் மடக்கத்தான் கேட்டார். ஆனால் கேட்ட பிறகு அவருக்கே அந்தக் கேள்வி பிடித்துவிட்டது போல, நிஜமாகவே பதிலுக்குக் காத்துக்கொண்டு நின்றார். நானும் யோசித்தேன். எங்கள் ஆட்கள் காதிலிருந்து கையை எடுத்துவிட்டு யோசித்தார்கள். "மேம்பாலம் கரெக்டா இருக்கும்" என்றான் ஒருத்தன். "இல்ல, ரயில்வே கேட்டு" என்றான் இன்னொருத்தன். அனுமந்தைக்காரன் காற்றைப் பற்றிச் சொல்ல மறுபடி வாயைத் திறந்தான், மூடிக்கொண்டான்.

மாப்பிள்ளை அவளைப் பார்த்தபடியே சொன்னான்: "நடுவுல ஜன்னல மூடிக்குவோம் பெரியப்பா. நனையக் கூடாதுல்ல."

முதலில் சிரித்தது அவன் அம்மா. பிறகு என் பெண்டாட்டி. பிறகு யார் யார் என்று பிரித்துச் சொல்ல முடியாது. பெரியப்பா சிரிக்கவில்லை என்று காட்டிக்கொள்ள மீசையை இழுத்துப் பிடித்தார். மீசை அவர் கையை மீறி ஆடியது. துண்டை எடுத்துத் தலையைத் துவட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

"நல்ல நேரம் ஆறு வரைக்கும் இருக்குது. கொண்டாங்க தட்ட" என்றார்.

தட்டு.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் பக்கத்துப் பாத்திக்காரனைப் பார்த்தேன். அவன் தலையில் அடித்துக்கொண்டான். தட்டு உப்புக் குவியலின் உச்சியில் இருந்தது. அதன் மேல் தார்ப்பாய் போட்டு, சுற்றிலும் கல் வைத்து, கயிறு இழுத்து, ஒரு வருடத்துக்குப் பிரிக்க முடியாதபடி முடிச்சுப் போட்டது நானே.

"இன்னொரு தட்டு வெச்சிக்கலாமே" என்றாள் என் பெண்டாட்டி.

"நீட்டின தட்டுதான் வேணும்" என்றார் பெரியப்பா. "வாங்க, நாம அங்க போவோம்."

அப்படியாக இரண்டு வீட்டாரும் உப்பளத்துக்குப் புறப்பட்டோம். சாயங்கால வெயில் மறுபடி அடிக்க ஆரம்பித்திருந்தது. வரப்பு ஒரு ஆள் அகலம்தான். ஈரத்தில் வழுக்கும். முன்னால் நான், எனக்குப் பின்னால் பெரியப்பா செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு. இந்த வரப்பில் நடக்கிற கலையை அவருக்குச் சொல்லிக்கொடுத்தபடியே போனேன். "கால பரப்பி வெக்காதீங்க, குதிகால ஊனாதீங்க, என்ன பாருங்க, இப்பிடி..." என்று திரும்பிக் காட்டிய இடத்தில் என் கால்

"ஏங்க! எழுதனது போதும், போன எடுங்க! மேற்கேர்ந்து சம்மந்தி கூப்புடுறாரு!" என்கிறாள் என் பெண்டாட்டி.

எடுத்தேன். பெரியப்பாதான். மூச்சு வாங்கப் பேசுகிறார். பின்னால் கொட்டுகிற சத்தம் கேட்கிறது.

"சம்மந்தி, இங்க நல்..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். தொண்டையைக் கனைத்தார். "இங்க பேயுது. கிழக்கால நகருது. இன்னும் முக்கா மணி நேரத்துல அங்க வந்துடும். உங்க பொண்ணு சொல்லச் சொன்னா. மூடிட்டீங்களா?"

மூடவில்லை. போகிறேன்.